சில்லென்ற காபி, சூடு ஆறாத பிஸ்கட்

கத்திரி வெயில் நாட்களில் மெரினாவில் கடல்காற்று புகுந்த பிறகும் அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் வெந்துகொண்டுதான் இருக்கும். பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலிருக்கும் காற்று லேசாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இருபது கிலோமீட்டர் அளவுக்கு உள்ளே இருக்கும் நம் பகுதிகளை எட்டுவதற்குள் அது வழியெல்லாம் தார்ச்சாலையிலும் கான்கிரீட்டிலும் உரசிச் சூடேறிவிடும். சில நாட்களில் வந்து சேர்வதற்குள் பொழுதே சாய்ந்துவிடும். நாலு மணிக் காபியை விடவும் முடியாது, கொதிக்கக் கொதிக்கக் குடிக்கவும் முடியாது. இங்கே வீடுகளில் ஐஸ் காபி பழக்கமானதற்கு இந்த வெயிலே போதுமான காரணம்.

அதோடு பிஸ்கட்டும் சேர்ந்துகொண்டது. எம்.டி.எச். சாலையில் பாடிப் பக்கம் போய் வருகிறவர்களுக்கு பிரிட்டானியா என்பது பேருந்து நிறுத்தத்தின் பெயரும்கூட. பிஸ்கட் நமக்குப் புதிதல்ல. ஓ.டி.ஜி. அடுப்பு வாங்கிய வீடுகளில் இப்போது குக்கீஸ் என்ற பெயரில் வெண்ணெய் பிஸ்கட் வீட்டிலேயே வேகிறது. சில்லென்ற காபியையும் வெதுவெதுப்பான பிஸ்கட்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் அந்தச் சுவையை ரசிக்கிறார்களே தவிர, ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது. காபியிலிருந்து குளிர் எதைப் பறித்துக்கொள்கிறதோ, அதைச் சூடு ஆறாத பிஸ்கட் திருப்பிக் கொடுக்கிறது.

முதலில் பறிபோவது இனிப்பு. அடுப்படியில் எவரும் சோதித்துப் பார்க்கலாம். சூடாக இருக்கும்போது அளவான சர்க்கரையோடு இருந்த காபி, பிரிட்ஜில் வைத்து எடுத்தால் கசக்கும். சர்க்கரை குறையவில்லை, நாக்கு அதை உணரும் அளவுதான் குறைந்திருக்கிறது. இனிப்பை உணரும் செல்களில் டி.ஆர்.பி.எம்.5 என்றொரு புரதம் உண்டு. இனிப்பு மூலக்கூறு வந்து ஒட்டியதும் செல்லுக்குள் மின்னூட்டத்தை அனுமதிக்கும் வாசல் அது. 2005-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காரெல் தலவேராவும் அவரோடு சேர்ந்தவர்களும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், இந்த வாசல் வெப்பத்துக்கு ஏற்பத் திறக்கிறது என்று காட்டினார்கள். 15 டிகிரி செல்சியஸில் அரைகுறையாகத் திறப்பது, 35 டிகிரியை நெருங்க நெருங்க நன்றாகத் திறக்கிறது. உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுவதற்கும், அதே ஐஸ்கிரீம் உறைந்திருக்கும்போது அளவாக இனிப்பதற்கும் காரணம் இதுதான்.

அடுத்தது மணம். காபியின் சுவை என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு மூக்குக்கு உரியது. வாயில் இருக்கும் காபியிலிருந்து ஆவியாகும் மூலக்கூறுகள் தொண்டையின் பின்வழியே மூக்கை எட்ட வேண்டும். 5 டிகிரியில் இருக்கும் பானத்திலிருந்து அவ்வளவு எளிதாக எதுவும் ஆவியாகாது. வறுத்த காபியில் நூற்றுக்கணக்கான மணப்பொருட்கள் உண்டு. ஐஸ் போட்டதும் அவற்றில் பெரும்பாலானவை டம்ளருக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. மிஞ்சுவது கசப்பும் குளிர்ச்சியும். அதை மறைக்கத்தான் கடைகளில் ஐஸ்கிரீமும் சாக்லேட் சிரப்பும் ஊற்றுகிறார்கள். வீட்டில் அதற்கு அவசியமில்லை என்பது என் உறுதியான கருத்து. பக்கத்துத் தட்டில் பிஸ்கட் இருந்தால், காபியைக் காபியாகவே விடலாம்.

காபியை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு இயற்பியல் தெளிவாகவே விடை தருகிறது. ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வெப்பம் வேண்டும். உருகிய நீர் 5 டிகிரிக்கு வர இன்னும் 21 ஜூல். ஆக ஒரு கிராம் ஐஸ் சுமார் 355 ஜூலை உறிஞ்சிக்கொள்ளும். 80 டிகிரி சூட்டில் இருக்கும் 100 மில்லி டிகாஷனை 5 டிகிரிக்குக் கொண்டுவர 31,000 ஜூலுக்கு மேல் நீக்க வேண்டும். அதாவது 88 கிராம் ஐஸ் உருகித் தண்ணீராகி அதே டிகாஷனில் கலந்துவிடும். டிகாஷன் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி நீர்த்துப் போகும். அதே டிகாஷனை மே மாத அறை வெப்பமான 34 டிகிரிக்கு ஆறவிட்டால் 34 கிராம் ஐஸ் போதும். பிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஐஸ் உருகவே வேண்டியதில்லை.

இந்த இடத்தில் நம் பித்தளை பில்டர், ஸ்டீல் பில்டர் இரண்டும் பெரிய உதவி. மேல்நாட்டில் காபி இறக்கும் பல முறைகளில் கிடைப்பது, அப்படியே குடிக்கிற பதத்தில் இருக்கும் நீர்த்த காபி. அதில் ஐஸ் போட்டால் ருசி போய்விடும். பில்டர் டிகாஷன் தொடக்கத்திலிருந்தே பாலில் கலப்பதற்காகத் திக்காக இறங்குவது. ஆறிய டிகாஷன் 60 மில்லி, பிரிட்ஜிலிருந்து எடுத்த பால் 120 மில்லி சேர்த்தால் கலவை ஏறக்குறைய 15 டிகிரியில் இருக்கும். அதை 5 டிகிரிக்கு இறக்க 20 கிராம் ஐஸ் உருகினால் போதும். டிரேயில் உறையும் கட்டியில் ஒன்றோ ஒன்றரையோதான் அது. இன்னும் கறாராக இருக்க நினைப்பவர்கள் மிஞ்சிய டிகாஷனையே ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைக்கலாம். கட்டி உருக உருகக் காபி நீர்த்துப் போகாது, அடர்த்திதான் கூடும்.

சர்க்கரையை எப்போது போடுவது என்பதில் பலர் தடுமாறுவார்கள். டம்ளர் அடியில் சர்க்கரை தங்குவதைப் பார்த்து, குளிர்ந்த நீரில் சர்க்கரை கரையாது என்று நினைக்கிறோம். உண்மையில் 0 டிகிரியிலும் 100 கிராம் தண்ணீர் சுமார் 180 கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். இரண்டு ஸ்பூன் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. குறைவது வேகம். குளிரில் நீர் மூலக்கூறுகளின் அசைவு மந்தமாகிவிடுவதால் படிகத்திலிருந்து சர்க்கரை பிரிந்து பரவ நேரம் பிடிக்கிறது. டிகாஷன் சூடாக இறங்கும்போதே கீழ்ப்பாத்திரத்தில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிவிட்டால் தீர்ந்தது. எவ்வளவு போடுவது? பிஸ்கட்டோடு குடிப்பதானால் வழக்கத்தைவிடக் கூட்ட வேண்டாம் என்பேன். குளிரில் இனிப்பு குறைந்து தெரிவதை ஈடுகட்ட சர்க்கரையைக் கொட்டுவது, ஐஸ் காபிக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல்.

பால் விஷயத்தில் நம் பகுதிக்கு ஒரு வசதி. ஆவின் பால் பண்ணைகளில் ஒன்று அம்பத்தூரிலேயே இருக்கிறது. நீலப் பாக்கெட்டில் 3 சதவீதம் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. சூடான காபிக்கு ஆரஞ்சுப் பாக்கெட் அருமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஐஸ் காபிக்குப் பச்சையே போதும். வெண்ணெய் பிஸ்கட்டோடு சேரும்போது நீலம்கூடக் குறை தெரியாது. பால்கொழுப்பின் பெரும்பகுதி 5 டிகிரியில் கெட்டியாகிவிடும். கொழுப்பு கூடிய பாலைச் சில்லென்று குடித்தால் நாக்கில் லேசான படலம் தங்கும். கசப்பைக் கட்டுப்படுத்துவது கொழுப்பைவிடப் பாலின் புரதமான கேசின். டிகாஷனில் துவர்க்கும் பாலிபீனால்களோடு அது பிணைந்துகொள்கிறது. அந்த வேலையை நீலப் பாக்கெட்டும் குறைவின்றிச் செய்யும். பாலைக் காய்ச்சி ஆறவைத்தால் மேலே படியும் ஆடையை மறக்காமல் வடிகட்டுங்கள். குளிர்ந்த காபியில் அது துணுக்குத் துணுக்காக உதட்டில் ஒட்டும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். கெட்டிலிலும் வெந்நீர் அண்டாவிலும் வெள்ளைப் பொருக்கு படிகிற வீடுகளில், நீரிலுள்ள பைகார்பனேட் காபியின் அமிலங்களைச் சமன் செய்து சுவையைச் சப்பென்று ஆக்கிவிடும். டிகாஷனுக்குக் கேன் தண்ணீரோ வடிகட்டிய நீரோ வைத்துவிட்டு, ஐஸுக்கு மட்டும் குழாய்த் தண்ணீரைப் பிடிக்கிற பழக்கம் சில வீடுகளில் உண்டு. கட்டி உருகும்போது அதில் அடைபட்ட உப்பும் காபியில்தான் சேரும்.

இனி பிஸ்கட். சென்னைக் கோடையில் வெண்ணெய் பிஸ்கட் செய்வது, புத்தகத்தில் எழுதியிருப்பதுபோல நடக்காது. ‘அறை வெப்பத்தில் இருக்கும் வெண்ணெய்’ என்று குறிப்புகளில் வருவது 18, 20 டிகிரி அறைக்கு எழுதியது. அந்த வெப்பத்தில் வெண்ணெய் அழுத்தினால் குழிகிற பதத்தில் இருக்கும். அதில் சர்க்கரையைப் போட்டுக் குழைக்கும்போது சர்க்கரைப் படிகங்களின் கூரிய விளிம்புகள் காற்றைச் சின்னச் சின்னக் குமிழிகளாக உள்ளே இழுத்துச் செல்கின்றன. கெட்டியான கொழுப்பு அந்தக் குமிழிகளைப் பிடித்து வைக்கிறது. பிஸ்கட் வாயில் கரகரவென்று உதிர்வதற்கு இந்தக் குமிழிகள் வேண்டும். 34 டிகிரியில் வெண்ணெய் கிட்டத்தட்ட எண்ணெய். எவ்வளவு குழைத்தாலும் காற்று தங்காது. தட்டில் வைத்த மாவு அடுப்புக்குள் போன இரண்டே நிமிடத்தில் தோசைபோலப் பரந்துவிடும்.

மருந்து எளிது. வெண்ணெயை பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் வேலையைத் தொடங்குவது, பிசைந்த மாவை உருண்டை பிடித்து அரை மணி நேரமாவது திரும்ப பிரிட்ஜில் வைப்பது. குளிர்ந்த மாவு அடுப்புக்குள் போனால், வெண்ணெய் உருகி ஓடுவதற்குள் ஓரங்கள் வெந்து பிடித்துக்கொள்ளும். பிறகு 100 டிகிரியை நெருங்கும்போது ஈரம் ஆவியாகத் தொடங்கும். மேற்புறம் காய்ந்து 140 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் நமக்கு வேண்டியது நடக்கிறது. 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் விவரித்த வினை அது. மாவிலும் பாலிலும் உள்ள அமினோ அமிலங்கள் சிலவகைச் சர்க்கரைகளோடு சேர்ந்து பொன்னிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டித் தூள் போட்டால் இந்த வினை இன்னும் விறுவிறுப்பாக நடக்கும். அந்த வினைக்குத் தேவையான குளுக்கோஸும் பிரக்டோஸும் கருப்பட்டியில் ஓரளவு தயாராகவே இருக்கின்றன. அடுப்பில் இரண்டு நிமிடம் முன்னதாகவே எட்டிப் பார்க்க வேண்டும்.

இதே மையார் வினைதான் காபிக்கொட்டை வறுபடும்போதும் நடக்கிறது. அங்கே வெப்பம் 200 டிகிரியைத் தாண்டும். வறுத்த வாசம் தரும் பைரசீன்கள், இனிப்பு மணம் தரும் பியூரான் வகைகள் இரண்டிலும் உண்டு. வெண்ணெய்க்கு அதன் மணத்தைத் தரும் டைஅசிட்டைல் என்ற பொருள் வறுத்த காபியிலும் இருக்கிறது. சிக்கரிக் கிழங்கை வறுக்கும்போதும் இதே குடும்பத்து மணங்கள் பிறக்கின்றன. பிஸ்கட்டுக்கும் காபிக்கும் இப்படி உறவுமுறை இருப்பதால், ஒன்றில் குறைவதை மற்றொன்று நிரப்புவது இயல்பாகப் பொருந்துகிறது. 5 டிகிரிக் காபியில் வெளியே வர மறுத்த அதே வகை மணம், 40 டிகிரிப் பிஸ்கட்டிலிருந்து தாராளமாக எழும்பி மூக்கை எட்டுகிறது. காபி மணக்கிறது என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

அடுப்பிலிருந்து எடுத்ததும் பிஸ்கட்டைத் தொட்டுப் பார்த்தால் நடுவில் மெத்தென்று அமுங்கும். வேகவில்லையோ என்று மறுபடி உள்ளே தள்ளிவிடாதீர்கள். அதற்குள் இருக்கும் சர்க்கரை இன்னும் பாகாக இருக்கிறது, வெண்ணெய் உருகிய நிலையில் இருக்கிறது. ஆற ஆறப் பாகு கண்ணாடிபோல இறுகும். ஓரம் இறுகி நடு இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஐஸ் காபிக்கு ஏற்ற நேரம். நல்ல வெண்ணெய்க் கொழுப்பு 35 டிகிரிக்குள் முழுவதும் உருகிவிடும், வாயின் வெப்பமே அதற்குப் போதும்.

அதனால்தான் வனஸ்பதி போட்ட பிஸ்கட்டை ஐஸ் காபியோடு பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை. வனஸ்பதியின் உருகுநிலை 40 டிகிரி வரை போகலாம். சூடான டீயோடு சாப்பிடும்போது அது தெரியாது. சில்லென்ற காபி ஒரு மடக்கு உள்ளே போனதும் நாக்கும் மேலண்ணமும் குளிர்ந்து, அந்தக் கொழுப்பு மெழுகுபோல அப்பிக்கொள்ளும். அடுத்த மடக்கில் காபியின் சுவையே நாக்கை எட்டாது. வெண்ணெயும் குளிரில் இறுகும்தான். ஆனால் வாயின் சூடு திரும்பிய சில நொடிகளில் கரைந்துவிடும். ஆகவே வரிசையும் முக்கியம். முதலில் பிஸ்கட்டைக் கடித்து நன்றாக மென்று, அது கரையத் தொடங்கிய பிறகு சின்ன மடக்காகக் காபி. அடுத்த கடிக்குக் கொஞ்சம் இடைவெளி. பல் கூச்சம் உள்ளவர்களுக்கும் இந்த இடைவெளி நல்லது. சூடும் குளிரும் மாறி மாறிப் படும்போது பல்லின் உள்ளடுக்கிலுள்ள நுண்குழாய்களில் இருக்கும் திரவம் நகர்ந்து நரம்பைச் சீண்டுவதுதான் அந்தக் கூச்சம்.

தொட்டுச் சாப்பிடலாமா? பிஸ்கட்டின் நுண்துளைகள் வழியே திரவம் ஏறும் வேகத்தைக் கணக்கிட 1921-இல் வாஷ்பர்ன் என்பவர் தந்த சமன்பாடு உதவும். பிரிட்டனின் பிரிஸ்டலைச் சேர்ந்த இயற்பியலாளர் லென் ஃபிஷர் அதைக் கொண்டு பிஸ்கட்டைத் தோய்க்கும் முறையைக் கணக்கிட்டு, 1999-இல் இக் நோபல் பரிசு பெற்றார். பிசுபிசுப்பு கூடினால் ஊறும் நேரமும் அதே மடங்கு கூடும் என்கிறது அந்தச் சமன்பாடு. 5 டிகிரி நீரின் பிசுபிசுப்பு 80 டிகிரி நீரைப்போல நான்கு மடங்குக்கு மேல். சூடான காபியில் மூன்று நொடியில் ஊறுவது ஐஸ் காபியில் பன்னிரண்டு நொடி எடுத்துக்கொள்ளும். போதாததற்கு, குளிரில் வெண்ணெய் உருகாது, சர்க்கரை மெதுவாகக் கரையும், மாவுச்சத்து உப்பாது. டம்ளருக்குள் பிஸ்கட் உடைந்து விழும் பயம் குறைவு. ஆனால் தோய்ப்பதன் சுகமும் குறைவுதான். சூட்டோடு இருக்கும் பிஸ்கட்டைக் குளிர்ந்த காபியில் முக்கி அதன் சூட்டை வீணாக்குவது எனக்கு உடன்பாடில்லை. பாக்கெட் பிஸ்கட்டானால் சரி.

டீக்கடைக் கண்ணாடி ஜாடிகளில் பட்டர் பிஸ்கட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சால்ட் பிஸ்கட்டை இந்த ஜோடிக்கு யாரும் நினைப்பதில்லை. நினைக்க வேண்டும். பிரெஸ்லின், போசாம்ப் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய சிறு கட்டுரையில், சோடியம் கசப்பை அடக்குகிறது, அடங்கிய கசப்புக்குப் பின்னால் மறைந்திருந்த இனிப்பு மேலே வருகிறது என்று காட்டினார்கள். ஐஸ் காபியின் தொல்லையே கசப்பு தூக்கலாகவும் இனிப்பு மங்கலாகவும் தெரிவதுதானே. ஒரு சிட்டிகை உப்பு கூடுதலாகப் போட்ட வெண்ணெய் பிஸ்கட், கூடுதல் சர்க்கரை இல்லாமலே காபியை இனிக்க வைக்கும். சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியிருக்கும் வீடுகளில் இது வெறும் ருசி விஷயம் அல்ல.

கடைசியாக நம் ஊர்க் காற்று. அது இந்த இரண்டையும் கெடுக்கப் பார்க்கும். கோடைச் சென்னையின் காற்றில் ஈரம் மிகுதி. 25 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்த பரப்பு கிடைத்தாலே அந்த ஈரம் நீராகப் படியத் தொடங்கிவிடும். ஸ்டீல் டம்ளரில் ஐஸ் காபி ஊற்றிய ஒரே நிமிடத்தில் வெளிப்புறம் முத்து முத்தாக வியர்க்கும். அந்த நீர் ஆவியாக இருந்தபோது சுமந்த வெப்பத்தை டம்ளரிடம் விட்டுவிட்டுத்தான் துளியாகிறது. ஒரு கிராம் நீர் படிந்தால் சுமார் 2,400 ஜூல். உள்ளே ஏழு கிராம் ஐஸ் உருக அது போதும். வறண்ட ஊர்களைவிடச் சென்னையில் ஐஸ் காபி சீக்கிரம் நீர்த்துப் போவதற்கு வெயிலோடு இந்த வியர்வையும் காரணம். ஸ்டீல் வெப்பத்தைத் தாராளமாகக் கடத்தும். தடித்த கண்ணாடி டம்ளர் கொஞ்சம் தேவலை, இரட்டைச் சுவர் கொண்ட டம்ளர் இன்னும் நல்லது.

அதே ஈரம்தான் பிஸ்கட்டை நமத்துப் போக வைக்கிறது. அடுப்பிலிருந்து வரும்போது நல்ல மொறுமொறுப்பான பிஸ்கட்டில் இருப்பது இரண்டு மூன்று சதவீத ஈரம்தான். சர்க்கரையும் மாவுச்சத்தும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டதும், கண்ணாடிபோல இறுகியிருந்த அமைப்பு இளகி ரப்பராகிவிடும். சூடு முழுக்க ஆறியதும், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல், மூடி இறுக்கமான டப்பாவில் போட்டுவிட வேண்டும். ஆறுமுன் போட்டால் உள்ளிருந்து வரும் ஆவியே அதைக் கெடுத்துவிடும். நமத்த பிஸ்கட்டைத் தூக்கிப் போட வேண்டாம். 150 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தால் உறிஞ்சிய ஈரம் வெளியேறிவிடும், ஆறியதும் மறுபடி மொறுமொறுக்கும். மறுநாள் நாலு மணிக்கு, புதிதாக மாவு பிசையாமலே சூடான பிஸ்கட் தயார். டிகாஷனை மட்டும் காலையிலேயே இறக்கி பிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.